கோடை உழவும் பறவைக் கணக்கும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் பங்குனி, சித்திரையில் மானாவாரிக் கரிசல் தரிசாகக் கிடக்கும். கண்மாய்களும் வற்றி உள்வாயில் புல் மண்டியிருக்கும். மறைவில்லாத இந்த வெட்டவெளியில் பறவைகளை எண்ணுவது எளிது. கோடை உழவு நடக்கும் நாளே இதற்கு மிகவும் ஏற்றது.

2018-ல் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் புகுந்த படைப்புழுவும், பருத்தி, துவரையைக் கெடுக்கும் காய்ப்புழுவும் மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகின்றன. உழவில் இவை மேலே புரண்டு வரும். சில வெயிலில் சாகும். மற்றவற்றை மைனா, உண்ணிக்கொக்கு, கரிச்சான் பொறுக்கித் தின்னும். வெயிலுக்குப் பயந்து இரவில் டிராக்டர் ஓட்டினால் கூலி கேட்காத இந்த ஆட்கள் பின்னால் வரமாட்டார்கள். காலை உழவே நல்லது.

எண்ணும் முறை இதுதான். காலை ஆறு மணிக்கு வரப்பில் ஓரிடத்தில் நின்று, கால் மணி நேரம் கண்ணில் படுவதைக் குறிக்க வேண்டும். மைனாக்கள் போவதும் வருவதுமாக இருக்கும்; கூட்டிக்கொண்டே போனால் கணக்கு ஊதிவிடும். ஒரே சமயத்தில் அதிகமாகக் கண்ட எண்ணிக்கையை மட்டும் எழுதுவது சரியான முறை. உழவுக்கு முன் ஒரு முறை, உழும்போது ஒரு முறை, மாலை ஐந்து மணிக்கு ஒரு முறை அதே இடத்தில் நின்று எண்ணினால் போதும். பெயர் தெரியாத பறவைக்கு அடையாளம் எழுதினாலே போதுமானது.

தரையில் நான்கு புள்ளி முட்டைகளோடு ஆட்காட்டி இருந்தால் ஒரு கொழுவகலம் விலக்கி உழலாம். பூச்சி தின்னும் பறவைக்காக ஒரு சாண் நிலத்தை விடுவதில் நஷ்டமில்லை.

2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, பனங்காடை குறைந்து வருவதையும் மயில் பெருகி வருவதையும் காட்டியது. பொதுமக்கள் எண்ணி அனுப்பிய கணக்குகளே அதற்கு ஆதாரம். பனங்காடை வெட்டுக்கிளி, வண்டுகளைத் தின்பது. மயில் பூச்சி, பாம்புகளோடு விதையையும் முளையையும் தின்பதால் விவசாயிக்கு அதன்மேல் கோபம் வருவது நியாயமே. ஆனால் நஞ்சு கலந்த தானியம் மயிலோடு நிற்காது. கௌதாரியும் மைனாவும் சேர்ந்து சாகும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி மயிலைக் கொல்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். விதைத்த முதல் இரண்டு வாரம் காவல் போடுவதே வழி. மயில் எந்தப் பக்கத்திலிருந்து, எந்நேரம் இறங்குகிறது என்பதைக் கணக்கு நோட்டே காட்டிவிடும்.

சீனாவில் 1958-ல் தானியம் தின்கிறதென்று சிட்டுக்குருவிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றார்கள். பயிர்ப் பூச்சிகள் பெருகியதால் 1960-ல் அந்த வேட்டையைக் கைவிட நேர்ந்தது.

கணக்கில் கரிச்சான், மைனா நிறைய இருந்தும் பயிருக்குள் அவை இறங்காவிட்டால், உட்கார இடமில்லை என்று பொருள். பயறு வகைகளில் ஏக்கருக்கு 20 பறவைக் குச்சிகளை, பயிருக்கு ஓரடி மேலே நிற்கும்படி 'ட' வடிவிலோ குறுக்குக் கட்டை வைத்தோ நடலாம். மரக்கிளையே போதும், செலவில்லை. சோளம், கம்பில் கதிர் பால் பிடிக்கும் முன் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையேல் தானியம் தின்னும் குருவிகளுக்கு அதுவே வசதியாகிவிடும்.

புரட்டாசி விதைப்புக்குப் பிறகு அதே வரப்பில், அதே நேரத்தில் மறுபடி எண்ணிச் சித்திரைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.