பழைய மின்மாற்றியை இனங்காணும் முறை

தோட்டத்து மின்னாக்கி மாலையில் சில மணி நேரம் மட்டுமே ஓடிய நாட்களைப் பெரியவர்கள் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். பழுதான வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்துத் தாமாகவே தொழில் பழகிய இளைஞர்கள் அக்காலத்துத் தோட்டங்களில் இருந்தனர். கிள்ளான் பள்ளத்தாக்கின் பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. எனினும் அந்த ஆர்வம் குன்றவில்லை. பேட்டரிக்கு மின்னேற்றும் கருவி, கோயில் விழாவுக்குரிய ஆம்ப்ளிபயர் ஆகியவற்றைத் தாமே செய்து பார்க்க விரும்பும் இளைஞர்களை நாம் இன்றும் காண்கிறோம்.

இத்தகைய கருவிகளுக்கு மின்மாற்றி இன்றியமையாதது. பெரும்பாலும் விலை மிகுந்த பாகமும் அதுவே. பழையதை வாங்கினால் பணம் மிஞ்சும் என்பது உண்மை. ஆயினும், இன்னதென்று தெரியாத மின்மாற்றியை வீட்டு மின்சாரத்தில் இணைப்பவர் தம் உயிரையே பணயம் வைக்கிறார். ஆகவே அதனை இனங்காணும் முறையை நாம் கற்றுக்கொள்வோம்.

மின்மாற்றி என்பது யாது?

ஒரே இரும்பு உள்ளகத்தின்மீது சுற்றப்பட்ட இரு கம்பிச் சுருள்களே மின்மாற்றியாகும். ஒரு சுருளில் மாறுதிசை மின்சாரம் பாய்ந்தால் மற்றதிலும் மின்னழுத்தம் தோன்றும். இவ்வுண்மையை மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். மின்சாரம் நுழையும் சுருள் முதன்மைச் சுருள். வெளிவரும் சுருள் துணைச் சுருள். சுற்றுகளின் விகிதம் எதுவோ, மின்னழுத்தத்தின் விகிதமும் ஏறத்தாழ அதுவே.

எங்கே கிடைக்கும்?

கோலாலம்பூரில் மின்னணு உதிரிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற இடம் ஜாலான் பாசார். கிள்ளானிலிருந்து வருவோர் கொமுட்டர் இரயிலில் பிரிக்பீல்ட்ஸை அடுத்துள்ள கே.எல். சென்ட்ரலில் இறங்கி அங்குச் செல்லலாம். பழைய இரும்புக் கடைகளிலும், பழைய செய்தித்தாள் வாங்க வரும் லாரிக்காரர்களிடமும் பழுதான ஆம்ப்ளிபயர், கேசட் வானொலி, மின்னேற்றி முதலியன கிடைப்பதுண்டு. வாங்குமுன் புதியதன் விலையையும் விசாரித்து ஒப்பிடுதல் நன்று. மின்வாரியத்தின் உடைமையாகத் தோன்றும் எதனையும் வாங்கலாகாது. திருட்டுப் பொருளை வாங்குவதும் குற்றமே.

புதிய கருவிகள் பலவற்றில் கனமான இரும்பு மின்மாற்றி இருப்பதில்லை. அவற்றிலுள்ள கறுத்த, எளிதில் உடையும் உள்ளகமும் மஞ்சள் நாடாவும் கொண்ட சிறு மின்மாற்றி வீட்டு மின்சாரத்தை நேரே தாங்காது, அதனை விட்டுவிடுக. மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றியோ ஏறத்தாழ 2,000 வோல்ட் தருவது. தொட்டவரைக் கொல்ல வல்லது. அதனைத் தீண்டவே வேண்டாம்.

கண்ணால் ஆராய்தல்

முதலில் சீட்டைப் படியுங்கள். நம் நாட்டு மின்னழுத்தம் முன்னர் 240 வோல்ட். 2008-ஆம் ஆண்டு முதல் 230 வோல்ட் என வகுக்கப்பட்டுள்ளது. 230 அல்லது 240 வோல்ட், 50 சுழற்சி என்றிருப்பின் நமக்கு ஏற்றது. ஜப்பானுக்குரிய 100 வோல்ட், அமெரிக்காவுக்குரிய 120 வோல்ட் எனக் குறித்தவற்றை இங்கு நேரே இணைத்தால் எரிந்துவிடும். கருகிய வாடை, வெடித்த காப்புத்தாள், துருவேறிய தகடுகள் ஆகியவை காணப்பட்டால் வாங்கவேண்டாம்.

மீட்டரால் ஆராய்தல்

சீட்டு இல்லாவிடில் மல்டிமீட்டரே நமக்குத் துணை. மின்மாற்றி எதனோடும் இணைக்கப்படாத நிலையில், எந்தெந்தக் கம்பிகளுக்கிடையே தொடர்பு உள்ளது என்று ஓம் அளவில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய மின்மாற்றியில் முதன்மைச் சுருள் மெல்லிய கம்பியால் பல சுற்றுகள் கொண்டது. அதன் தடை சில பத்து ஓம் முதல் சில நூறு ஓம் வரை இருக்கும். துணைச் சுருளின் கம்பி தடித்தது. தடை ஓர் ஓமை ஒட்டியோ அதனினும் குறைந்தோ இருக்கும்.

இரு சுருள்களுக்கிடையே தொடர்பு இருத்தலாகாது. இருப்பின் அது ஒரே சுருளால் ஆன வகை. வீட்டு மின்சாரத்திலிருந்து நம்மைப் பிரித்துக் காக்காது. எச்சுருளுக்கும் இரும்புக்கும் இடையே தொடர்பு காட்டினாலும் அதனை ஒதுக்கிவிட வேண்டும்.

விகிதம் காணுதல்

இனி, வீட்டு மின்சாரத்தில் இணைக்காமலேயே விகிதம் காணலாம். 12 வோல்ட் மாறுதிசை மின்சாரம் தரும் நல்ல மின்மாற்றி ஒன்றிலிருந்து, தடை மிகுந்த சுருளுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். மறுசுருளில் 0.6 வோல்ட் காட்டினால் விகிதம் 20-க்கு 1. எனவே 240 வோல்ட்டுக்கு அது 12 வோல்ட்டும், 230 வோல்ட்டுக்கு 11.5 வோல்ட்டும் தரும். சுமை ஏறும்போது இது சற்றுக் குறையும். மாற்றி இணைத்துவிடாதீர்கள்! தடை குறைந்த சுருளில் 12 வோல்ட் கொடுத்தால், மறுபுறம் 240 வோல்ட் தோன்றி உயிரைப் பறிக்கலாம்.

ஆற்றலை மதிப்பிடுதல்

தகடுகளின் நடுக்காலின் அகலத்தையும் தகட்டு அடுக்கின் கனத்தையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்குங்கள். அவ்விடையைத் தன்னாலேயே பெருக்கி, மேலும் 0.7-ஆல் பெருக்கினால் ஆற்றல் தோராயமாகத் தெரியும். அகலம் 3, கனம் 3 எனில் பரப்பு 9. அதன் வர்க்கம் 81. ஆற்றல் ஏறத்தாழ 55 வாட். இது மதிப்பீடே, இதனினும் குறைவாகவே சுமை ஏற்றுதல் நலம். ஒரு மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு ஏறினால் சுமை மிகுதி என்று உணர்க.

இறுதிச் சோதனை

முதன்முறை வீட்டு மின்சாரத்தில் இணைக்கும்போது, தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் ஒருவர் உடனிருக்கட்டும். 60 வாட் இழை விளக்கு ஒன்றைத் தொடரில் இணைத்து, துணைச் சுருளில் சுமையின்றிச் சோதிப்பது பழைய, நல்ல முறை. விளக்கு பளிச்சென நிலைத்து எரிந்தால் சுருள் உள்ளே பழுதானது. இழை மங்கலாகச் சிவந்தாலோ எரியாமலிருந்தாலோ நலம். எல்.இ.டி. விளக்கு இதற்குப் பயன்படாது. பின்னர் முதன்மைப் பக்கத்தில் அளவான உருகி வைத்து, இரும்பையும் பெட்டியையும் நிலக்கம்பியுடன் இணைத்து, யாவற்றையும் மூடிவிட வேண்டும்.

பழுதானதைச் செம்புக்காக எரிக்கவேண்டாம், அப்புகை நஞ்சு. மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள்.

சில வெள்ளி மிச்சப்படுத்துவது மட்டும் நமது நோக்கமன்று. இணைக்குமுன் அளந்தறியும் பழக்கமே தொழிலின் முதற்படி. அப்பழக்கம் கைவந்த இளைஞர், மலேசியத் திறன் சான்றிதழ் பயிற்சியில் சேர்ந்து, பொழுதுபோக்கையே பிழைப்புக்குரிய தொழிலாக உயர்த்திக்கொள்ளலாம் அன்றோ!