சினைப்பை நீர்க்கட்டியும் மாதர் மனநலமும்

மாதவிலக்கு பல மாதங்கள் தள்ளிப்போவதும் முகத்தில் உரோமம் அரும்புவதும் பெண்ணின் குற்றமல்ல. 1935-ஆம் ஆண்டிலேயே சிகாகோ மருத்துவர்கள் ஸ்டைன், லெவந்தால் இருவரும் ஏழு பெண்களிடம் கண்டு விவரித்த நோய் இது. பெயர்தான் நீர்க்கட்டி, உண்மையில் அவை முதிராது நின்ற முட்டைப்பைகளே. அறுத்தெறிய வேண்டிய கட்டிகள் அல்ல.

கருத்தரிக்கத் தாமதமானால் ஊரார் கேட்கும் கேள்விகள் நோயினும் கொடியவை. உறக்கமின்மையையும், அடிக்கடி வரும் அழுகையையும், பிறர் முகம் பார்க்கக் கூசுவதையும் 'அவள் சுபாவம்' என்று நாம் தள்ளிவிடுகிறோம். 2023-ஆம் ஆண்டின் சர்வதேச மருத்துவ வழிகாட்டியோ, இந்நோயுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் மனச்சோர்வும் பதற்றமும் உண்டாவென ஆராயச் சொல்கிறது. மருந்து, உணவு மாற்றம், தினசரி நடை இவற்றால் பலருக்கு மாதவிலக்கு சீர்படுகிறது, மகப்பேறும் வாய்க்கிறது. மாமியாரே மருமகளை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லலாமே! மனம் தாங்காவிடில், 14416 என்னும் அரசுத் தொலைபேசியை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.