மலிவுப் பனல்: வாங்குமுன் அளப்போம்

அரை விலைக்குக் கிடைக்கும் சோலர் பனலை வாங்கி அயலவருக்கு விற்றால் நாலு காசு காணலாமென நாம் எண்ணுவது இயல்பே. ஆனால் மலிவுக்குக் காரணம் உண்டு. 12 வோல்ற் பற்றரிக்கென்று செய்த பனலில் 36 கலங்கள் இருக்கும். 60 கலப் பனலோ ஏறக்குறைய 30 வோல்ற்றில் வேலை செய்வது. அவ்வகை 250 வாற் பனலைச் சாதாரண கட்டுப்படுத்தியூடாக அதே பற்றரிக்குத் தொடுத்தால், வருவது சுமார் 8 அம்பியர். அதாவது 100 வாற் அளவே. மீதி வீண். எம்.பி.பி.ரி. வகைக் கட்டுப்படுத்தி இவ்விழப்பைப் பெரிதும் குறைக்கும். அதன் விலையையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

ஆகவே வாங்குமுன் பின்புறச் சீட்டை வாசிப்போம். நண்பகல் வெயிலில் மீற்றரால் அளந்து ஒப்பிடுவோம். விற்கும்போது அந்த அளவை எழுதிக் கொடுப்போம். எல்லாம் இழந்து வந்த குடும்பத்திடம் குறையை மறைத்து விற்பதும் கள்ளத்தராசு பிடிப்பதும் ஒன்றே.