திறக்காத ஃபைல்: நாலு சோதனை



போன செமஸ்டரில் புராஜெக்ட் ரிப்போர்ட்டை பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு பிரின்ட் எடுக்கப் போனேன். ஃபைல் திறக்கவே இல்லை. எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான், கேட்க ஆளில்லை. கையில் அப்பாவின் கூலிப் பணம். அன்று கற்றதை எழுதுகிறேன்.

1. முதலில் ஒரு காப்பி எடுங்கள். சோதனையெல்லாம் காப்பியில்தான்.

2. பிராப்பர்ட்டீஸில் அளவைப் பாருங்கள். 0 பைட் என்றால் பெயர் மட்டும்தான், உள்ளே ஒன்றுமில்லை.

3. காப்பியை நோட்பேடில் திறந்து முதல் எழுத்துகளைப் பாருங்கள். சேவ் மட்டும் பண்ணாதீங்க. வேர்டு 2007-லிருந்து வந்த டாக்எக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. 'பிகே' என்று தொடங்கும். 1989-இல் ஜிப் முறையைத் தந்த ஃபில் காட்ஸின் இனிஷியல் அது (பில் கேட்ஸ் அல்ல!). பிடிஎஃப் என்றால் சதவீதக் குறியும் 'பிடிஎஃப்' என்ற எழுத்தும் இருக்கும். எக்ஸ்டென்ஷனை மாற்றினால் போர்டுதான் மாறும், சரக்கு மாறாது.

4. 'பிகே' இருந்தும் திறக்கவில்லையா? ஜிப்பின் பொருளடக்கம் கடைசியில் இருக்கிறது. காப்பி முடியுமுன் பென்டிரைவைப் பிடுங்கினால் அந்தக் கடைசிப் பகுதி வந்து சேராது. நான் செய்த தப்பு இதுதான். நல்லவேளை, லேப் கம்ப்யூட்டரில் மூல ஃபைல் முழுசாக இருந்தது.

ஆகவே 'எஜெக்ட்' கொடுத்துக் கழற்றுங்கள். மறுபடி செருகி ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு நிமிஷம்தான் ஆகும். ஒரு செமஸ்டர் உழைப்பு தப்பிக்கும்.