ததகுணித் தோட்டம்

பெங்களூருவிலிருந்து கனகபுரா செல்லும் சாலையில் ததகுணி என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய தோட்டம். பரப்பு 468 ஏக்கர். இந்தத் தோட்டத்துக்காகவே கர்நாடக அரசு 1996-இல் ஒரு சட்டம் போட்டது. ஒரு தோட்டத்துக்குத் தனிச் சட்டமா? ஆமாம்.

தோட்டத்தின் சொந்தக்காரர்கள் ஒரு கணவனும் மனைவியும். கணவர் ஸ்வெதோஸ்லாவ் ரோரிக். ரஷ்யாவில் 1904-இல் பிறந்தவர், பெரிய ஓவியர். நேருவின் படத்தை நாடாளுமன்ற மைய மண்டபத்துக்காக வரைந்தவர் இவர்தான். மனைவி தேவிகா ராணி. இந்திய சினிமாவின் முதல் பெரிய கதாநாயகிகளில் ஒருவர். தாதா சாகேப் பால்கே விருதை முதன்முதலில் பெற்றவரும் அவரே. இருவருக்கும் 1945-இல் திருமணம் நடந்தது. பிறகு சினிமாவை விட்டுவிட்டு, தேவிகா ராணி கணவரோடு பெங்களூருவுக்கு வந்தார்.

தோட்டத்தில் அவர்கள் வளர்த்தது லினலோ மரம். பெயர் புதிதாக இருக்கிறதா? இது மெக்சிகோ நாட்டு மரம். இதிலிருந்து வாசனை எண்ணெய் கிடைக்கிறது. மெக்சிகோவில் மரத்தை வெட்டி, கட்டையிலிருந்து எண்ணெய் எடுத்தார்கள். எண்ணெய் கிடைக்கும், மரம் போய்விடும். நம் நாட்டில் வேறு வழி. காயின் தோலை நீராவியில் காய்ச்சி எண்ணெயை வடிக்கிறார்கள். மரம் நிற்கும், அடுத்த ஆண்டும் காய்க்கும். சோப்பிலும் வாசனைப் பொருள்களிலும் இந்த எண்ணெய் சேர்கிறது.

ரோரிக்கின் தந்தையும் ஓவியர். சோவியத் வானியலார் 1969-இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். சிறுகோள் என்பது கிரகங்களைப் போலவே சூரியனைச் சுற்றும் பாறை. அதற்கு 4426 என்று எண் கொடுத்து, இந்தக் குடும்பத்தின் நினைவாக 'ரோரிக்' என்று பெயர் வைத்தார்கள்.

வானத்தில் பெயர் நிலைத்தது. மண்ணில்தான் வழக்கு வந்தது. ரோரிக் 1993-இல் இறந்தார். அடுத்த ஆண்டு தேவிகா ராணியும் இறந்தார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. தோட்டம் யாருக்கு? நிலத்தின் ஒரு பகுதியைத் தான் விலைக்கு வாங்கிவிட்டதாக ஒரு நிறுவனம் சொன்னது. நகரமோ தோட்டத்தை நோக்கி வளர்ந்துகொண்டே வந்தது. நிலத்தின் விலை ஏறினால் மரத்துக்கு ஆபத்துதானே!

அப்போதுதான் அந்த 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. தோட்டத்தை அரசு எடுத்துக்கொள்ளும். லினலோ மரங்களைக் காக்கும். ஓவியங்களுக்கு அருங்காட்சியகம் அமைக்கும். இதுவே சட்டத்தின் நோக்கம். நிறுவனம் இதை எதிர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 15 ஆண்டுகள் கழித்து, 2011 ஆகஸ்டில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

ரோரிக்கின் ஓவியங்கள் சிலவற்றைப் பார்க்க ததகுணிக்குப் போக வேண்டியதில்லை. பெங்களூரு குமார கிருபா சாலையில் உள்ள சித்ரகலா பரிஷத்தில் அவர் ஓவியங்களுக்கென்றே கூடம் இருக்கிறது.