தோற்றவர் திரும்பி வந்தால்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பரம வைரிகள் ஒரே சீசனில் மறுபடியும் மோதினால், முதலில் வென்ற அணியே ஜெயித்துவிடும் அல்லவா?

பதில்: புகழ்பெற்ற மறுமோதல்கள் பலவற்றில் நடந்தது நேர்மாறு. 1978 நவம்பரில் நெப்ராஸ்காவிடம் 17-14 எனத் தோற்ற ஓக்லஹோமா, அடுத்த புத்தாண்டு நாளில் ஆரஞ்ச் பௌல் ஆட்டத்தில் 31-24 என்று கணக்கைத் தீர்த்தது. 2011 நவம்பரில் அலபாமா நான்கு ஃபீல்ட் கோல் (பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும்) வாய்ப்புகளைக் கோட்டைவிட்டு எல்.எஸ்.யு.விடம் 9-6 எனத் தோற்றது. இரண்டே மாதத்தில், தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்தில், ஐந்து ஃபீல்ட் கோல் அடித்து 21-0 என வென்றது.

எனக்கு மிகவும் பிடித்தது 1996 சீசன். ஃப்ளோரிடாவின் குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை வீசும் ஆட்டக்காரர் டேனி வெர்ஃபலை, ஓயாமல் தாக்கி வீழ்த்தியே ஃப்ளோரிடா ஸ்டேட் 24-21 என வென்றிருந்தது. மறுமோதலில் ஃப்ளோரிடாவின் பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பரியர் அவரைச் சில கஜம் பின்னால் நிறுத்தினார். பந்தை வீச அவகாசம் கிடைத்தது. சுகர் பௌல் ஆட்டத்தில் ஃப்ளோரிடாவுக்கு 52-20 வெற்றி! என்ன அருமையான திருத்தம்!

தோற்றவருக்குத் தன் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடுகிறது. வென்றவருக்கோ எதையும் மாற்ற மனம் வருவதில்லை. 2021 டிசம்பரில் அலபாமாவிடம் 41-24 எனத் தோற்ற ஜார்ஜியாவும் அடுத்த மாதமே 33-18 என வென்று, 1980-க்குப் பிறகு முதல் தேசியப் பட்டத்தைப் பெற்றது.