மஞ்சள் விளக்கும் மல்டிமீட்டரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி.)

மின்காந்தத் தூண்டலை நாம் பாடமாகப் படித்தோம், தேர்வும் எழுதினோம். கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து எடுத்தால் கால்வனாமீட்டரின் முள் அசைவதை ஆய்வகத்தில் கண்டோம். அதே கம்பிச்சுருளும் அதே காந்தமும் நம் ஊர்ச் சாலையில் ஓடும் கார்களின் சக்கரங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிரேக் போடும்போது உயிரைக் காக்கும் வேலையைச் செய்கின்றன. அந்த ஏற்பாட்டில் பழுது நேர்ந்தால் ஓட்டுநருக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அதைக் கண்டதும் சிலர் பயந்து பெரும்பணம் செலவழிக்கிறார்கள். பலர் பொருட்படுத்துவதே இல்லை. சில நூறு ரூபாய் மல்டிமீட்டரைக் கொண்டு வீட்டு வாசலிலேயே இந்தப் பழுதை எவ்வளவு தூரம் கண்டறியலாம் என்பதை இங்கே காண்போம்.

ஏ.பி.எஸ். எனப்படும் இந்தப் பிரேக் முறையின் மூதாதை ஆகாயத்தில் பிறந்தது. விமானம் தரையிறங்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு டயர் வெடிக்காமலிருக்க, டன்லப் நிறுவனம் 1950-களில் மாக்சரெட் என்ற இயந்திர அமைப்பை உருவாக்கியது. மின்னணுக் கருவியால் இயங்கும் ஏ.பி.எஸ்.ஸை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1978-இல் மெர்சிடிஸ் கார்களுக்கு அளித்தது. சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்ஷன் கண்ட்ரோல் 1986-இல் அதைத் தொடர்ந்து வந்தது. நம் மாநிலத்துக்கும் பிரேக் தொழில் புதிதன்று. சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா ஆகிய இரு நிறுவனங்களும் 1962-இலேயே தோன்றியவை. ஆயினும் நம் நாட்டுச் சிறு கார்களில் ஏ.பி.எஸ். நெடுங்காலம் விலையுயர்ந்த வகைகளுக்கு மட்டுமே வாய்த்தது. 2018 ஏப்ரல் முதல் அறிமுகமாகும் புதிய கார் வகைகளுக்கும், 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் எல்லாக் கார்களுக்கும் அது கட்டாயமாயிற்று. ஆகவே இன்று செகண்ட் ஹாண்டில் கைமாறும் வண்டிகள் பலவற்றிலும் இந்த விளக்கு உண்டு.

பூட்டிய சக்கரம் ஏன் ஆபத்தானது? ஓய்வுநிலை உராய்வு இயக்க உராய்வைவிடப் பெரிது என்பது பள்ளிப் பாடம். சக்கரம் உருளும்போது, தரையைத் தொடும் டயரின் பகுதி அந்தக் கணத்தில் தரையோடு ஏறக்குறைய நிலையாக இருக்கிறது. சக்கரம் பூட்டிவிட்டால் டயர் தேய்ந்துகொண்டு வழுக்குகிறது, பிடி குறைகிறது. அதைவிட முக்கியமானது, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போக, சக்கரத்தின் விளிம்பு 48 கி.மீ. வேகத்துக்கே சுழல்கிறது என்று கொள்வோம். வழுக்கல் 20 விழுக்காடு. பெரும்பாலான தார்ச்சாலைகளில் 10 முதல் 30 விழுக்காட்டுக்குள்தான் பிடி மிக அதிகம். ஏ.பி.எஸ். கணிப்பொறி ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தையும் விநாடிக்குப் பலமுறை விட்டு விட்டுக் கொடுத்து, வழுக்கலை இந்த எல்லைக்குள் நிறுத்தப் பார்க்கிறது. அப்போது பெடல் காலுக்கடியில் துடிக்கும். பழுது என்று எண்ணிக் காலை எடுத்துவிடலாகாது.

இதற்கெல்லாம் கணிப்பொறிக்குத் தேவையான ஒரே செய்தி, நான்கு சக்கரங்களும் எவ்வளவு வேகமாகச் சுழல்கின்றன என்பதே. இங்கேதான் ஃபாரடே வருகிறார். சக்கரத்தோடு சுழலும் ஒரு பல்வளையம். அதிலிருந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் காந்தத்தின்மேல் சுற்றிய கம்பிச்சுருள். பல் எதிரே வரும்போது காந்தப்பாயம் கூடுகிறது. பள்ளம் வரும்போது குறைகிறது. சுருளில் மாறுதிசை மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. வளையத்தில் 48 பற்கள் என்றும் டயரின் சுற்றளவு 1.8 மீட்டர் என்றும் கொண்டு கணக்கிடுவோம். மணிக்கு 36 கி.மீ. என்பது விநாடிக்கு 10 மீட்டர். சக்கரம் விநாடிக்கு ஏறத்தாழ 5.6 முறை சுற்றும். அதிர்வெண் சுமார் 267 ஹெர்ட்ஸ். வேகம் குறைந்தால் அதிர்வெண்ணோடு மின்னழுத்தமும் குறையும் என்பது ஃபாரடே விதியிலிருந்தே தெரிகிறது. அதனால்தான் ஆள் நடக்கும் வேகத்தில் இந்தப் பழைய வகை உணரிக்குச் செய்தி கிடைப்பதில்லை.

புதிய வண்டிகளில் ஹால் விளைவையோ காந்தமின்தடை விளைவையோ பயன்படுத்தும் உணரிகள் இருக்கின்றன. எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவு இன்று சக்கரத்துக்குள் வந்திருக்கிறது! இவற்றுக்கு வெளியிலிருந்து மின்சாரம் தரவேண்டும். மின்னோட்டத்தை 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் இடையே மாற்றி மாற்றிச் செய்தி அனுப்புகின்றன. இந்த வகையை மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்துச் சோதிக்கக் கூடாது. உள்ளே இருப்பது வெறும் சுருள் அன்று, மின்னணுச் சுற்று. பொருளற்ற அளவு கிடைப்பதோடு உணரி கெடவும் கூடும். எனவே வண்டியில் இருப்பது எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரேக் விளக்கும் டிராக்ஷன் விளக்கும் ஏன் ஒருசேர எரிகின்றன என்று பலர் திகைக்கிறார்கள். இரண்டும் அதே நான்கு உணரிகளை நம்பியிருப்பவை. ஒரு சக்கரத்தின் செய்தி நின்றால் இரண்டு வேலைகளும் நிற்கும். இரண்டு விளக்குக்கு இரண்டு பழுது என்று கணக்கிடத் தேவையில்லை. டிராக்ஷன் விளக்கு மட்டும் தனியே எரிந்தால், அதை அணைக்கும் பொத்தானில் யாராவது கைவைத்திருக்கலாம். அல்லது எஞ்சின் பக்கம் கோளாறு இருக்கலாம்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பெரும்பாலும் வேலை செய்யும். பூட்டாமல் காக்கும் உதவிதான் இல்லை. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கக் கூடாது. பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். முன்பின் சக்கரங்களுக்கு அழுத்தத்தைப் பங்கிடும் ஏற்பாடும் நின்றிருக்கலாம். அது மீட்டர் பிடித்துப் பார்க்கும் நேரமன்று.

இனிச் சோதனைக்கு வருவோம். சாவியைத் திருப்பியதும் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கைக் கண்டு மகிழ வேண்டாம். விற்றவர் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். அடுத்தது பேட்டரி. எஞ்சின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு அருகிலும், ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் இருப்பது நலம். மின்னழுத்தம் தாழ்ந்தால் ஏ.பி.எஸ். தன்னை நிறுத்திக்கொள்ளும், பேட்டரி செத்த பழி அதன்மேல் விழும். பிறகு பியூஸ்கள். பிறகு பெடலை ஒருவர் மிதிக்க, பின்னால் நின்று பிரேக் லைட்டைப் பார்க்க வேண்டும். பெடல் சுவிட்சின் கோளாறும் இதே விளக்கை எரிய வைப்பதுண்டு.

ஸ்கேனர் கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும். ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள பதினாறு முனைப் பொருத்தியில் அதைச் செருகினால் பழுதுக்குறி தெரியும். ஆனால் மலிவான கருவிகள் பல எஞ்சின் குறிகளை மட்டுமே படிக்கும், ஏ.பி.எஸ். பக்கம் எட்டிப் பார்க்காது. ‘பழுது ஒன்றுமில்லை’ என்று அது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. இன்னொன்று: ‘இடது முன் சக்கர உணரிச் சுற்று’ என்று குறி வந்தால், உணரி கெட்டது என்று அதற்குப் பொருளன்று. சுற்று என்பதில் உணரி, ஒயர், கனெக்டர், கணிப்பொறியின் உள்ளமைப்பு எல்லாமே அடங்கும். குறியைக் கண்டவுடன் பொருளை மாற்றுகிறவர் சோதனை செய்யவில்லை. சீட்டுக் குலுக்குகிறார் என்பது என் எண்ணம்.

எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் அண்ணாச்சி ஒருவரின் வண்டியைச் சான்றாகச் சொல்லலாம். செகண்ட் ஹாண்டில் வாங்கிய கார். பழைய வகை உணரி. இராத்திரியில் பிரசவ வலி என்று அழைத்தாலும் திருநெல்வேலிக்கு ஓடுகிற வண்டி அது. இரண்டு விளக்குகளும் சில நாள் எரியும், சில நாள் எரியாது. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் ஏ.பி.எஸ். யூனிட்டே போய்விட்டது, 45,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அவ்வளவு பணத்துக்கு அவர் எங்கே போவார்? “தம்பி, பிரேக்கு நல்லாத்தான் பிடிக்கி. லைட்டுதான் தொந்தரவு. அதைப் புடுங்கி விட்டுருவமா?” என்றார். “வேண்டாம் அண்ணாச்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை விடுங்க, பார்ப்போம்” என்றேன்.

இரவல் ஸ்கேனர் இடது முன் சக்கரத்தைக் காட்டியது. நான்கு உணரிகளையும் கனெக்டரில் பிரித்து மின்தடையை அளந்தோம். வலது முன் 1,180 ஓம். பின் இரண்டும் 1,210, 1,190. குற்றவாளியாகக் கருதப்பட்ட இடது முன் 1,160. நான்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல இருந்தன. நான்கு சக்கர வண்டியில் உள்ள நன்மை இதுதான்: புத்தகம் இல்லாவிட்டாலும் ஒன்றை மற்ற மூன்றோடு ஒப்பிடலாம். ஆய்வகத்தில் கட்டுப்பாட்டுச் சோதனை என்று சொல்வது இதைத்தானே? உணரி சரி என்றால் பட்டறை சொன்னபடி யூனிட்தான் என்று முடிவு செய்திருக்கலாம். ஆனால் பழுது எப்போதும் இருக்கவில்லை, வந்து வந்து போயிற்று. எனவே ஓடும் வண்டியில் எது மாறுகிறதோ அதை மாற்றிப் பார்க்க வேண்டும். முன் சக்கரத்தின் ஒயர் ஒவ்வொரு திருப்பத்திலும் மடங்கி நிமிர்கிறது. மீட்டரை இணைத்தபடியே வைத்து அண்ணாச்சியை ஸ்டியரிங்கை முழுவதும் வலப்பக்கம் திருப்பச் சொன்னேன். 1,160 என்று நின்ற எண் மறைந்து, சுற்று அறுந்ததற்கான குறி தோன்றியது. நேராக்கினால் மீண்டும் 1,160. ரப்பர் உறைக்குள்ளே செம்பு இழை அறுந்து, நேராக நிற்கும்போது மட்டும் முனைகள் தொட்டுக்கொண்டிருந்தன. வெளியே கீறல்கூட இல்லை.

அடிக்கடி மடங்கும் இடத்தில் ஒயரை ஒட்டுப்போட்டால் மறுபடியும் அங்கேயே முறியும். ஒயரோடு கூடிய உணரியையே மாற்றினோம். விலை 1,650 ரூபாய்.

எல்லாப் பழுதும் இவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. எர்த் இணைப்பின் துரு மிகவும் ஏமாற்றும். மல்டிமீட்டரின் உள்தடை ஏறக்குறைய ஒரு கோடி ஓம். அது இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பமாதலால், துருவேறிய இணைப்பின் வழியாகவும் முழு 12 வோல்ட்டைக் காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை. சுமையில்லாத நிலையைச் சொல்கிறது. ஏ.பி.எஸ். மோட்டார் 20 ஆம்பியர் இழுக்கும்போது அந்த இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலும் 2 வோல்ட் அங்கேயே தொலையும். ஆகவே சாவியை அணைத்து, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, யூனிட்டின் கனெக்டரைப் பிரித்துவிட்டு, பேட்டரியை மறுபடி இணைத்து, கனெக்டரின் மின்வழிக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு பழைய ஹெட்லைட் பல்பை எரியவிட வேண்டும். அது சுமார் 4.5 ஆம்பியர் இழுக்கும். அந்த நிலையில் கனெக்டரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தால் 0.45 வோல்ட் காட்டுகிறது என்று கொள்வோம். வகுத்துப் பாருங்கள், அதே 0.1 ஓம். ஓம் விதிக்கு இதைவிட நல்ல பயிற்சிக் கணக்கு நான் கண்டதில்லை.

நம் பகுதிக்கென்று சில காரணங்களும் உண்டு. கரிசல் மண் மழையில் சக்கரத்தில் அப்பி, வெயிலில் கல்லாக இறுகும். பிரேக் தேய்மானத்தின் இரும்புத் தூளை உணரியின் காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும். துணியும் மென்மையான பிரஷும் போதும். வளையத்தைக் கம்பி பிரஷால் சுரண்ட வேண்டாம். நெல்மூட்டைக்கு அருகில் நிறுத்திய வண்டியில் எலி ஒயரைக் கடித்திருப்பதும் வழக்கம். ஒரு சக்கரத்துக்கு மட்டும் வேறு அளவு டயர் மாட்டினால் அதன் சுற்று எண்ணிக்கை எப்போதும் மாறுபட்டிருக்கும். கணிப்பொறி அதையும் பழுது என்றே கொள்ளும். துருவால் வெடித்த பல்வளையமோ, வண்டி நிற்கப்போகும் மெதுவான வேகத்தில் காரணமின்றிப் பெடலைத் துடிக்க வைக்கும்.

சக்கரத்தைத் தூக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. தாங்கியும் மற்றச் சக்கரங்களுக்குக் கல் அண்டையும் வேண்டும். மஞ்சள் நிற உறையிட்ட ஏர்பேக் ஒயர்களில் மீட்டர் முனையை வைக்கவே கூடாது. பிரேக் குழாயைப் பிரிப்பது, காற்றெடுப்பது, யூனிட்டைத் திறப்பது ஆகியவை வீட்டில் செய்யத் தக்கவையல்ல. அளந்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நல்ல மெக்கானிக்கிடம் போனால் அவர் வேலையும் எளிதாகும், பேரமும் நியாயமாக இருக்கும்.

பழுதுக்குறியைக் கடைசியில்தான் அழிக்க வேண்டும். முதலிலேயே அழித்தால் தடயம் போய்விடும். அண்ணாச்சியின் வண்டியில் புதிய உணரியைப் பொருத்தி, சக்கரத்தைக் கையால் விநாடிக்கு ஒரு சுற்று வீதம் சுழற்றி, மாறுதிசை மின்னழுத்தத்தை வலது பக்கத்தோடு ஒப்பிட்டோம்; இரண்டும் சில நூறு மில்லிவோல்ட். பிறகு குறியை அழித்து, ஆளில்லாத சாலையில் இருபுறமும் வளைத்து வளைத்து ஓட்டினார். விளக்கு சாவி திருப்பியபோது எரிந்தது, மூன்று விநாடியில் அணைந்தது. அதன் பிறகு எரியவில்லை.